வீடு கைமாறினால் வாக்கு என்னாகும்?

ஒரு வீட்டை விலைக்கு வாங்குபவர் எதை வாங்குகிறார்? கல்லையும் மண்ணையும் மட்டுமா, அவ்வீட்டைக் குறித்து முன்னவர் பிறருக்குக் கொடுத்த வாக்கையும் சேர்த்தா? எளியதாகத் தோன்றும் இக்கேள்வி, பல குடும்பங்களின் நிம்மதியைத் தொடுவதாகும்.

அண்மையில் இருவர் நம்மை நாடி வந்தனர். ஒருவர், வளைகுடா நாட்டில் பல்லாண்டுகள் உழைத்த பொருளைக் கொண்டு வீடு வாங்கியவர். மற்றவர், அவ்வீட்டில் வாடகைக்கு இருக்கும் தையற்காரர். “என் பணம், என் பத்திரம், நானோ இன்னும் வாடகை வீட்டில் இருக்கிறேன், ஹஜ்ரத்” என்றார் முன்னவர். “ஒப்பந்தம் முடிய எட்டு மாதம் இருக்கிறது. முன்பணமும் விற்றவரிடம் நிற்கிறது. பிள்ளைகளோடு எங்கே போவேன்?” என்றார் பின்னவர். இருவர் கூற்றிலும் நியாயம் இருந்தது.

ஃபிக்ஹு நூலோர் பொருளை வேறு, அதன் பயனை வேறு எனப் பகுத்துள்ளனர். முன்னது ‘ஐன்’, பின்னது ‘மன்ஃபஅத்’. வாடகை என்பது குறித்த காலத்திற்குப் பயனை விற்பதேயாகும். அக்காலம் முடியுமுன் அதே பயனை மற்றொருவருக்கு விற்க உரிமையாளரிடம் என்ன இருக்கிறது?

ஆகவேதான் இமாம் நவவி (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’, வாடகையில் உள்ள பொருளின் விற்பனை செல்லும், வாடகை ஒப்பந்தம் முறியாது என்று முடிவு செய்கிறது. ஹனஃபி மத்ஹபைத் தழுவி உஸ்மானியப் பேரரசில் தொகுக்கப்பட்டு 1876-இல் நிறைவுற்ற ‘மஜல்லா’வின் 590-ஆம் விதியும், குடியிருப்பவர் இசைவின்றி நடந்த விற்பனை அவருடைய உரிமையைத் தொடாது என்கிறது.

நம் நாட்டுச் சட்டமும் இதற்கு வெகு தொலைவில் இல்லை. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 109-ஆம் பிரிவில், வாங்கியவருக்கு விற்றவரின் உரிமைகளைத் தருகிறது; குடியிருப்பவர் வேண்டினால் அவருடைய கடமைகளையும் சுமத்துகிறது. விற்பனையை அறியாது பழையவரிடம் வாடகை செலுத்தியவர் மறுமுறை செலுத்த வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், குடிநீரையும் மின்சாரத்தையும் துண்டித்துக் குடியிருப்பவரை வருத்துவதைத் தடுக்கிறது.

ஆயினும் அநீதி ஒரு பக்கத்தில் மட்டும் பிறப்பதில்லை. எளியவர்க்குக் கேடயமாக வந்த 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை வாளாக்கிக்கொண்டு, வாய்தாமேல் வாய்தா வாங்கி, அற்ப வாடகையில் பிறர் வீட்டை ஆண்டவர்களும் உண்டு. தவணை முடிந்தபின் உரியவர் கேட்டும் தராதிருப்பது ‘கஸ்பு’, அதாவது பறித்தல். நீதிமன்றத்தின் தாமதம் அதை ஹலாலாக்கிவிடாது.

வாங்கியவரிடம் நாம் ஒன்று கேட்டோம்: “சுவரைத் தட்டிப் பார்த்து வாங்கினீர்களே, கதவைத் தட்டிக் குடியிருப்பவரிடம் விசாரித்தீர்களா?” அவர் மௌனமானார். விசாரித்திருந்தால் விலையிலிருந்தே முன்பணத்தைக் கழித்திருக்கலாம். விற்றவரும் சொல்லவில்லை. பொருளின் நிலையை மறைத்து விற்பவரின் குற்றமே இதில் பெரிது. இருவரையும் மோதவிட்டு அவர் ஒதுங்கிக்கொண்டார்.

முடிவில், எட்டு மாதம் தையற்காரர் இருப்பது, இனி வாடகையைப் புதியவரிடம் செலுத்துவது, முன்பணத்தை விற்றவரிடமிருந்து பெற்றுத்தர இருவரும் சேர்ந்தே செல்வது, தவணை நாளில் சாவியை ஒப்படைப்பது என எழுதிக் கையொப்பமிட்டனர். வாங்கியவருக்கு இது இழப்புத்தான். எட்டு மாத வாடகையை அவர் வேறிடத்தில் கொடுத்தாக வேண்டும். அதை அறிந்தே அவர் இசைந்தார்.

உடன்படிக்கைகளை நிறைவேற்றுமாறு திருமறை பணிப்பது, நமக்கு ஆதாயமான உடன்படிக்கைகளை மட்டுமன்று என்பதை அன்று அவரிடம் கண்டோம்.