ஆறுதல் தேடிப் போன இடத்தில் சுடுசொல்

துன்பப்பட்டவன் துன்பப்பட்டவனைத் தேடிப் போவது மனித இயல்பு. பிள்ளையைப் பறிகொடுத்த தாய், முன்பே பறிகொடுத்த இன்னொரு தாயின் வீட்டு வாசலில் போய் உட்காருகிறாள். சர்க்கரை வியாதிக்காரர் இன்னொரு சர்க்கரை வியாதிக்காரரிடம்தான் மனம்விட்டுப் பேசுகிறார். கடன்பட்டவர், தலாக் ஆகித் தாய்வீடு திரும்பிய பெண், மார்க்கத்துக்குப் புதிதாக வந்தவர் என்று எத்தனையோ பேர் நாலு பேர் கூடும் இடத்தில் பாரத்தை இறக்கி வைக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஜமாஅத் என்று நாம் கூடி வாழ்வதன் பயன்களில் இதுவும் ஒன்று.

அப்படிப் போன இடத்தில் சுடுசொல் விழுந்தால் என்ன செய்வது? முன்பின் அறியாத ஒருவன் பஸ்ஸில் ஏசினால் துடைத்துவிட்டுப் போய்விடலாம். பக்கத்து ஸஃப்பில் தோளோடு தோள் சேர்த்துத் தொழுகிறவர், நாம் வாய் திறந்து உதவி கேட்ட நேரத்தில் முகத்தில் அடித்தாற்போல் ஒரு சொல் சொன்னால், அது அவ்வளவு சுலபத்தில் ஆறுவதில்லை.

பழைய புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் ஆலங்குடி, திருமயம், குளத்தூர் என்று 3 தாலுகாக்கள் இருந்தன. அவற்றில் நம் குளத்தூர்ச் சீமை வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் சோறு, நிறையாவிட்டால் கைமாற்று என்று தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மக்கள். ஒருவரை ஒருவர் கேட்காமல் இங்கே யாரும் காலம் தள்ளியதில்லை. அந்தக் கேட்பு இன்றைக்கும் இஷாவுக்குப் பிறகு பள்ளிவாசல் திண்ணையில்தான் பெரும்பாலும் நடக்கிறது. சபுரிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய ஒரு பையன், ஏஜெண்டுக்குக் கொடுத்த பணத்துக்கான கடனை அடைக்க வழி உண்டா என்று தயங்கித் தயங்கிக் கேட்கிறான். "வட்டிக்கு வாங்கும்போது எங்களைக் கேட்டா வாங்கினே?" என்கிறார் ஒருவர். இன்னொருவர் சிரிக்கிறார். மற்றவர்கள் தஸ்பீஹை உருட்டிக்கொண்டிருக்கிறார்கள். பையன் எழுந்து போய்விடுகிறான். மறுநாள் கந்துக்காரரிடம் போகிறான். தாயாருக்காக இத்தாவைப் பற்றி மஸ்அலா கேட்க வந்த மகனிடம், "இதுகூடத் தெரியாமலா இத்தனை வருஷம் இருந்தீங்க?" என்று கேட்கப்படுகிறது. அந்த வீட்டிலிருந்து இனி ஒரு கேள்வியும் வராது. சுடுசொல்லால் உண்டாகும் பெரிய சேதமாக நாம் கருதுவது இதைத்தான். மனம் புண்பட்டது ஒருபுறம் இருக்கட்டும். அடுத்த கேள்வி பிறக்காமலே செத்துப்போகிறது.

முஆவியா இப்னுல் ஹகம் அஸ்ஸுலமீ (ரலி) அவர்கள் தம்மைப் பற்றித் தாமே அறிவித்த ஒரு செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. அவர்கள் மார்க்கத்துக்குப் புதியவர்கள். பெருமானார் (ஸல்) அவர்களுக்குப் பின்னால் தொழுதுகொண்டிருக்கையில் ஒருவர் தும்ம, இவர்கள் தொழுகையிலேயே வாய்விட்டு அவருக்காக துஆச் சொல்லிவிட்டார்கள். ஸஃப்பில் நின்றவர்கள் முறைத்துப் பார்த்தார்கள். "ஏன் என்னை இப்படிப் பார்க்கிறீர்கள்?" என்று அதற்கும் தொழுகையிலேயே கேட்டுவிட்டார்கள்! மற்றவர்கள் தொடையில் தட்டி வாயடைக்கச் செய்தார்கள். புதிதாக வந்த ஒருவருக்கு எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும்! தொழுகை முடிந்ததும் பெருமானார் அவர்கள் கடிந்துகொள்ளவுமில்லை, அடிக்கவுமில்லை, ஏசவுமில்லை. தொழுகை எதற்குரியது, அதில் மனிதப் பேச்சு ஏன் கூடாது என்பதை மட்டும் சொல்லிக்கொடுத்தார்கள். இப்படியொரு ஆசானை முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை என்று பிற்காலத்தில் அந்த ஸஹாபி நெகிழ்கிறார்கள்.

வழக்கமாக நம் பயான்களில் இந்தச் செய்தியை இதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் ஹதீஸ் அங்கே முடியவில்லை. அந்த மென்மையைக் கண்டவுடன் அவர்களுக்குத் தைரியம் வந்துவிட்டது. குறிகாரர்களிடம் போகலாமா, சகுனம் பார்க்கலாமா, மணலில் கோடு போட்டுப் பார்க்கிறார்களே அது சரியா என்று அடுத்தடுத்துக் கேட்கிறார்கள். கடைசியில் யாரும் கேட்காமலே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறார்கள். ஆடு மேய்த்த தம் அடிமைப் பெண், ஓர் ஆட்டை ஓநாய்க்குப் பறிகொடுத்துவிட்டாள். அந்தக் கோபத்தில் அவளை அறைந்துவிட்டேன் என்கிறார்கள். பெருமானார் அவர்கள் அதைப் பெரிய குற்றமாகக் கருதுகிறார்கள். பெண் அழைத்துவரப்படுகிறாள், அவளுடைய ஈமான் விசாரிக்கப்படுகிறது, விடுதலை செய்யுமாறு உத்தரவாகிறது. முறைப்போடும் தொடைத்தட்டலோடும் அவர் வீடு திரும்பியிருந்தால் அந்தப் பெண்ணின் கதி என்னவாகியிருக்கும் என்று நாம் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு.

இதற்கு நேர்மாறான ஒரு சம்பவத்தை ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிப்பதாக அபூதாவூதில் காண்கிறோம். பிரயாணத்தில் ஒருவருக்குத் தலையில் காயம். அந்த நிலையில் குளிப்புக் கடமையாகிவிட்டது. தயம்மும் செய்துகொள்ள எனக்கு அனுமதி உண்டா என்று கூட்டாளிகளைக் கேட்கிறார். தண்ணீர் இருக்கும்போது உனக்கு அனுமதி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். குளித்தார், இறந்துபோனார். செய்தி எட்டியதும் பெருமானார் (ஸல்) அவர்கள் அடைந்த கோபம் சாதாரணமானதல்ல. அவரைக் கொன்றுவிட்டார்கள் என்றே சொன்னார்கள். தெரியாவிட்டால் கேட்டிருக்கக் கூடாதா, அறியாமைக்கு மருந்து கேட்பதல்லவா என்று கண்டித்தார்கள். காயம்பட்டவர் நம்பிக் கேட்ட கூட்டாளிகள் அவர்கள். சட்டத்தை வெடுக்கென்று சொன்னார்கள், காயத்தைப் பார்க்கவில்லை.

என்றாலும் கடுஞ்சொல் பேசுகிறவர்களையெல்லாம் கெட்டவர்கள் என்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. பைத்துல்மால் கணக்கைப் பல வருஷம் சுமந்து அலுத்துப்போனவர்கள் இருக்கிறார்கள். பொய் சொல்லி வாங்கிப் போனவர்களிடம் ஏமாந்து, மெய் சொல்லி வருகிறவர்களையும் நம்ப முடியாமல் போனவர்கள் இருக்கிறார்கள். சிலருக்குக் குரலே வடகாட்டுப் பலா மாதிரி. வெளியே முள், உள்ளே சுளை. அப்படிப்பட்டவர் ஏசிவிட்டு வீட்டுக்குப் போய், யாருக்கும் தெரியாமல் பையனிடம் ஐந்நூறு ரூபாய் கொடுத்தனுப்புவார். ஏசுகிறவர் இவர்களில் யார் என்று தெரிந்துவிட்டால் வலியில் பாதி குறைந்துவிடும். ஆனால் மனம் நொந்து நிற்கும் அந்த நிமிஷத்தில் அது தெரியாது என்பதுதான் கஷ்டம்.

அபூதர் (ரலி) அவர்களைவிட ஏழைகளுக்காகப் பரிந்து பேசிய ஒரு ஸஹாபியைச் சொல்வது கடினம். அவர்களே ஒருமுறை வாக்குவாதத்தில் ஒருவரை அவருடைய தாயாரைச் சொல்லி இழித்துவிட்டார்கள். அவர் பிலால் (ரலி) என்று சொல்வோரும் உண்டு. பெருமானார் அவர்கள் அதைச் சும்மா விடவில்லை. உம்மிடம் இன்னும் ஜாஹிலிய்யத்தின் குணம் இருக்கிறது என்னும் கருத்தில் நேருக்கு நேராகச் சொன்னார்கள்; ஊழியம் செய்பவர்களும் உங்கள் சகோதரர்களே, நீங்கள் உடுப்பதையே அவர்களுக்கும் உடுக்கக் கொடுங்கள் என்று போதித்தார்கள். பிற்காலத்தில் ரபதாவில் அபூதர் (ரலி) அவர்களைச் சந்தித்த ஒருவர், எஜமானும் ஊழியரும் ஒரேவிதமான உடை உடுத்தியிருப்பதைக் கண்டு காரணம் கேட்டார். அபூதர் அவர்கள் தாம் ஏசிய அந்தக் கதையைத் தாமே சொன்னார்கள்.

ஏசியவரைத் திருத்த அங்கே ஒரு குரல் எழுந்தது. நம் திண்ணைகளில் அந்தக் குரல்தான் இல்லை. அடிபட்டவர் வீட்டுக்குப் போய் யோசிக்கும்போது ஏசிய ஒருவரை விட்டுவிடுகிறார். பேசாமலிருந்த பத்துப் பேரும் அதையே நினைத்தார்கள் என்று எடுத்துக்கொள்கிறார். உண்மையில் அந்தப் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு அவர்மேல் இரக்கம் இருந்திருக்கும். "விடுங்க மாமு, அந்தப் பையன் கேட்டதுக்குப் பதிலைச் சொல்லுவோம்" என்று ஒருவர் சொல்லியிருந்தால் போதும்.

சரி, அடிபட்டவர் என்ன செய்வது? முதலில், பதிலுக்கு ஏசலாமா? ஒருவர் அபூபக்ர் சித்தீக் (ரலி) அவர்களை வைதுகொண்டேயிருந்தார். பெருமானார் (ஸல்) அவர்கள் உடன் அமர்ந்திருந்தார்கள். அபூபக்ர் அவர்கள் பொறுத்துப் பொறுத்துக் கடைசியில் பதில் சொன்னதும் பெருமானார் எழுந்துவிட்டார்கள். காரணம் கேட்டபோது, நீர் மௌனமாயிருந்தவரை வானவர் ஒருவர் உமக்காகப் பதில் சொன்னார், நீர் பேசியதும் ஷைத்தான் புகுந்தான், அவன் இருக்கும் இடத்தில் நான் இருப்பதற்கில்லை என்னும் கருத்தில் சொன்னார்கள். அநீதியிழைக்கப்பட்டவன் தன்னைக் காத்துக்கொண்டால் அவன்மீது குற்றமில்லை என்று 42-ஆவது அத்தியாயத்தில் அல்லாஹு தஆலா சொல்லியிருப்பதால், பதில் சொன்னதைப் பாவம் என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் உலக வழக்கில் ஒன்று பார்க்கிறோம். பதில் சொன்ன மறுநிமிஷம் சபையின் கவனம் முழுதும் சண்டைக்குப் போய்விடுகிறது. நாம் கேட்கப் போன கடனும், மஸ்அலாவும், மருந்துச் செலவும் அங்கேயே காணாமல் போய்விடுகின்றன. முஆவியா (ரலி) அவர்கள் செய்ததைக் கவனியுங்கள். முறைத்தார்கள் என்று ஸஃப்பை விட்டு வெளியேறவில்லை. வாயை மூடிக்கொண்டு தொழுகையை முடித்தார்கள், பிறகு கேட்க வேண்டியவரிடம் கேட்டார்கள்.

இங்கே நாம் ஒன்றை வற்புறுத்த விரும்புகிறோம். "சபூர் செய்யுங்கள்" என்னும் உபதேசம் நம் ஊர்களில் எப்போதும் ஏழையின் வீட்டுக்குத்தான் போகிறது. ஏசியவர் வீட்டுக்குப் போவதில்லை. தீய சொல்லைப் பகிரங்கமாகப் பேசுவதை அல்லாஹ் விரும்புவதில்லை என்று கூறும் 4:148 வசனமே, அநீதி செய்யப்பட்டவருக்கு விலக்கும் அளிக்கிறது. "இந்தச் சொல் என்னைப் புண்படுத்தியது; நான் உதவி கேட்டு வந்தேன், ஏச்சு வாங்க வரவில்லை" என்று நிதானமாகச் சொல்வது சண்டையல்ல. மன்னிப்பு என்பது தருபவர் தாமாகத் தரவேண்டிய ஒன்று. மற்றவர்கள் கூடி நின்று அவரிடமிருந்து பிடுங்கக் கூடாது.

மன்னித்து விடக் கூடாதா என்று திருமறை நயமாகக் கேட்ட ஓரிடம் உண்டு. அங்கே அது யாரிடம் கேட்கப்பட்டது என்று பாருங்கள். மிஸ்தஹ் (ரலி), அபூபக்ர் (ரலி) அவர்களின் சின்னம்மா மகளின் மகன். ஏழை, பத்ரில் கலந்துகொண்டவர். அவருடைய செலவுகளை அபூபக்ர் அவர்களே பார்த்துவந்தார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள்மீது அவதூறு கிளம்பியபோது இந்த மிஸ்தஹும் அதில் வாய் வைத்துவிட்டார். உதவி பெற்றவரே தம் மகள்மீது பழி பேசினால் எந்தத் தகப்பனாருக்குத்தான் மனம் பொறுக்கும்? இனி இவருக்குக் காசு கொடுப்பதில்லை என்று அபூபக்ர் அவர்கள் சத்தியம் செய்துவிட்டார்கள். அப்போதுதான் 24:22 இறங்கியது. வசதியும் தகுதியும் உள்ளவர்கள் உறவினருக்கும் ஏழைக்கும் கொடுப்பதை நிறுத்திவிடச் சத்தியம் செய்ய வேண்டாம். அல்லாஹ் உங்களை மன்னிப்பதை நீங்கள் விரும்பமாட்டீர்களா என்பது அதன் கருத்து. அபூபக்ர் அவர்கள் உதவியை மறுபடி தொடங்கினார்கள். கொடுக்கும் இடத்தில் இருந்தவரிடம், வலிமையுள்ளவரிடம் அது கேட்கப்பட்டது. மிஸ்தஹுக்கும் தண்டனை நடந்தது என்று வரலாற்றில் வருகிறது. சோறு மட்டும் நிற்கவில்லை.

உதவி செய்யப் போய் ஏச்சு வாங்குகிறவர்களும் நம்மிடையே நிறைய. மய்யித்துக் குளிப்பாட்ட ஓடுகிறவர், ஆஸ்பத்திரிக்குத் துணை போகிறவர், வசூலுக்கு அலைகிறவர் எல்லோருக்கும் ஒரு மிஸ்தஹ் வாய்க்கிறார். அவர்களில் சிலர் கைவிட்டு ஒதுங்கிவிடுவதையும் பார்க்கிறோம்.

நம் மாவட்டத்திலேயே நடந்த ஒன்றைச் சொல்லலாம். 1991-92-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்துக் கற்க வந்த கிராமத்துப் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தார்கள். அப்போதைய மாவட்ட ஆட்சித் தலைவர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு ஊக்கமளித்தார். சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் ஏற்பாடாயிற்று. 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டையில் சைக்கிளில் ஊர்வலம் வந்தார்கள். நம் சமுதாயப் பெண்களும் ஓட்டினார்கள். அதை நேரில் பார்த்து எழுதிய பத்திரிகையாளர் பி. சாய்நாத், அசிங்கமான பேச்சுக்களைக் கேட்டும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று ஒரு முஸ்லிம் பெண் சொன்னதைப் பதிவு செய்திருக்கிறார். காதில் போட்டுக்கொள்ளாமல் இருப்பது தனியாக இருக்கும் ஒருத்தியால் ஆகிற காரியமா? ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டமாகப் பழகினார்கள். கற்றவள் கற்காதவளுக்குச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டாள். வெளியிலிருந்து ஏச்சு வந்தது. பிடித்த கை விடவில்லை. அது ஆகுமா ஆகாதா என்று அன்று வாதாடியவர்களின் வீட்டுப் பெண்பிள்ளைகளும் இன்று ஸ்கூட்டரில் காலேஜுக்குப் போகிறார்கள். அது வேறு விஷயம்.

அன்ஸாரிப் பெண்களை ஆயிஷா (ரலி) அவர்கள் புகழ்ந்திருக்கிறார்கள். மார்க்கத்தை விளங்கிக்கொள்ள வெட்கம் அவர்களுக்குத் தடையாக இருந்ததில்லை என்பது அந்தப் புகழ்ச்சி. அவர்கள் வெட்கப்படாமல் கேட்டது, கேட்டால் யாரும் சிரிக்காத ஒரு சபையில்.

ஆகவே ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். உதவி கேட்டு வருகிறவரைத் திண்ணைக் கூட்டத்தின் நடுவே நிற்கவைத்து விசாரிக்கும் வழக்கத்தை விட்டுவிடலாம். வாரத்தில் ஒருநாள் அஸருக்குப் பிறகு, பொறுமையாகக் கேட்கக்கூடிய ஒருவர், இமாமாக இருந்தாலும் சரி, ஓய்வு பெற்ற ஒரு வாத்தியாராக இருந்தாலும் சரி, ஓர் ஓரமாக உட்கார்ந்து கேட்கட்டும். பெண்கள் கேட்பதற்கு உஸ்தாதுபீ வீட்டிலோ முத்தவல்லி வீட்டம்மாவிடமோ ஒரு வழி இருக்கட்டும். பணம் இல்லையென்றால் இல்லையென்று சொல்லிவிடலாம். கேட்டவர் வீடு போய்ச் சேரும்வரை அவர் கேட்டது திண்ணைக்கு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.