துடிப்பு யாருடையது?

சீடன்: ஐயா, எங்கள் பெரியப்பா பாலக்கோடு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வண்டி ஓட்டியவர். போன வருஷம் மாரடைப்பு வந்தது. ராத்திரி முழுக்க வலியைப் பொறுத்துக்கொண்டு விடிந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். அடைப்பை நீக்கிவிட்டார்கள். ஆனாலும் நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ரத்தம்தான் ஓடுகிறதே?

குரு: அடைப்பு நீங்கும்வரை ரத்தம் கிடைக்காமல் செத்த தசை திரும்ப முளைப்பது அரிது, அப்பா. இதயத்தில் ஓராண்டில் புதிதாகப் பிறக்கும் தசைச் செல்கள் இளமையிலேயே நூற்றுக்கு ஒன்றுதான். முதுமையில் அதிலும் பாதி. காலியான இடத்தை நார்த்திசு மூடித் தழும்பாகிறது.

சீடன்: அப்படியானால் தழும்புதான் குற்றவாளி.

குரு: அவசரப்படாதே. தழும்பு கட்டாவிட்டால் அந்த இடத்தில் இதயச் சுவரே கிழிந்துபோகும். அவரைக் காத்தது அது. ஆனால் தசையைவிடப் பல மடங்கு விறைப்பானது.

சீடன்: விறைப்பு தழும்போடு நிற்கட்டுமே. பக்கத்தில் உயிரோடிருக்கும் செல்லுக்கு என்ன வந்தது? அதன் மரபணு மாறவில்லையே.

குரு: சரியான கேள்வி. ஆடம் எங்லர், டென்னிஸ் டிஷர் குழுவினர் 2008-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கருநிலை இதயச் செல்களை வெவ்வேறு விறைப்புள்ள ஜெல்களின்மேல் வளர்த்தார்கள். இதயத் தசைக்கு ஒத்த விறைப்பில் செல்கள் நொடிக்கு ஒரு முறை துடித்தன. உள்ளிழைகள் வரிவரியாக அமைந்தன. தழும்பளவு விறைப்பில் அதே செல்கள் தங்களை வருத்தி இழுத்தன. வரிகள் அமையவில்லை, துடிப்பும் நின்றது.

சீடன்: எனில், மிக மென்மையான தரை நல்லதா?

குரு: அங்கே நாள்கணக்கில் துடித்தன, வேலைதான் நடக்கவில்லை. பாறையில் கட்டிய கயிற்றை இழுத்தால் தோள் நோகும். எதிலும் கட்டாத கயிற்றை இழுத்து என்ன பயன்? செல் இழுத்துப் பார்த்தே தரையை அறிகிறது. அறிந்தபடி தன்னை அமைத்துக்கொள்கிறது.

சீடன்: அப்படியென்றால் துடிப்பு செல்லின் குணமா, தரையின் குணமா?

குரு: இரண்டும் சேரும் இடத்தில் நிகழ்வது. செல்லை மட்டும் எடுத்து எத்தனை ஆராய்ந்தாலும் அது ஏன் நின்றது என்பது விளங்காது. இன்னொன்றும் உண்டு. நார் நெய்யும் செல்களும் விறைப்பை உணர்கின்றன. விறைத்த இடத்தில் மேலும் நார் நெய்கின்றன.

சீடன்: இந்தச் சுழலை அறுக்க முடியாதா?

குரு: தழும்பைத் தசையாக்கும் மருந்து இன்று இல்லை. மாரடைப்புக்குப் பின் தரும் மாத்திரைகளில் சில, நார் பெருகுவதைத் தணிப்பவை. பெரியப்பா தாமாக எதையும் நிறுத்தக் கூடாது. மற்றவர்களுக்குத் தழும்பைச் சிறிதாக்க வழி உண்டு. அடைப்பு சீக்கிரம் நீங்கினால் சாகும் தசை குறையும். தமிழக அரசு 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாடின் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். உன் தெருவில் எல்லாரிடமும் சொல்: நெஞ்சு வலித்தால் வாயு என்று சோடா குடித்துவிட்டுப் படுக்காதீர்கள், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.