திரும்பி வரும் டீசல்

பம்ப் இழுக்கிற டீசல் அத்தனையும் எரிந்துவிடுவதில்லை. ஒரு பகுதி டாங்குக்கே திரும்புகிறது. உங்கள் டிராக்டரில் நாசில்களின் தலையைத் தொட்டுத் தொட்டு ஓடுகிறதே ஒரு மெல்லிய குழாய், ரிட்டர்ன் பைப், அதன் வழியாகத்தான்.

எரிந்த டீசல் உழுகிறது. எரியாத டீசல் உழைக்கிறது.

நாசிலுக்குள் ஊசி ஏறி இறங்கும் இடைவெளி, ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் இரண்டு மூன்று பங்குதான். அங்கே கிரீஸ் கிடையாது, ஆயில் கிடையாது. கசிந்து மேலேறும் டீசலே வழவழப்பு. பம்பிலிருந்து திரும்பும் டீசலோ சூட்டையும் காற்றுக் குமிழையும் தன்னோடு கூட்டிப் போகிறது. மிச்சம் என்று நாம் நினைப்பது வேலை முடித்துவிட்டு வீடு திரும்புகிறது.

பம்பிலிருந்து நாசிலுக்குப் போகும் பிரஷர் பைப் என்றால் எல்லோருக்கும் பயம் உண்டு. ரிட்டர்ன் பைப்பில் அவ்வளவு அழுத்தம் இல்லை. அதனால் மதிப்பும் இல்லை. வெடித்தால் கட்டுக்கம்பி, அறுந்தால் கையில் கிடைத்த தண்ணீர் டியூப். அந்த டியூப் டீசலில் ஊறி உப்பிவிடும். பகலில் சொட்டுவது கண்ணுக்குத் தெரியும். இரவில் அதே விரிசல் வழியாகக் காற்று புகுந்து, டீசல் டாங்குக்கு இறங்கிவிடுவதும் உண்டு. அதை யார் பார்த்தது? காலையில் செல்ஃப் அடித்து அடித்து பேட்டரி உட்காரும். பழியும் பேட்டரி தலையில்தான்.

திரும்பாவிட்டால் கேடு. அளவுக்கு மீறித் திரும்பினாலும் கேடுதான். காமன் ரெயில் வண்டியில் மெக்கானிக், திரும்பும் டீசலைப் பிடிக்க ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் ஒரு பாட்டில் கட்டித் தொங்கவிடுவார். மற்றவை கால்வாசி நிற்கும்போது எது நிரம்பி வழிகிறதோ, அந்த இன்ஜெக்டர் தேய்ந்துவிட்டது.

இன்று வேலை முடிந்து இன்ஜின் ஆறியதும், நாசில் தலைகளைப் பழந்துணியால் துடைத்து வையுங்கள். நாளை மாலை வண்டியை நிறுத்தி, ஆறவிட்டு, விரல் வைத்துப் பாருங்கள். ஓடும்போது மட்டும் கை வேண்டாம். பிரஷர் பைப் பீச்சினால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

விரலில் ஈரம் பட்டால் கடைக்குப் போய் டீசல் ஹோஸ் என்றே கேட்டு வாங்குங்கள். கூடவே அந்த இணைப்புக்குப் புதுச் செம்பு வாஷரும். ஒருமுறை நசுங்கிய வாஷர் மறுமுறை ஒழுங்காக உட்காராது.