விரும்பாத சம்மதம்

‘லேடி ஜேன்’ படத்தை முதல் தடவை பார்த்தபோது அழுதேன். இரண்டாம் தடவை பார்த்தபோது கோபம் வந்தது. நடுவில் நான் கொஞ்சம் சரித்திரம் வாசித்திருந்தேன், அவ்வளவுதான்.

1986இல் வந்த படம். இயக்கியவர் ட்ரெவர் நன், ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியில் பெயரெடுத்த நாடகக்காரர். ஹாரி பாட்டரில் பெல்லாட்ரிக்ஸாகப் பேய்ச்சிரிப்பு சிரித்த ஹெலனா போன்ஹாம் கார்ட்டர்தான் இதில் ஜேன் கிரே. கன்னம் ஒட்டாத, சிரிக்கத் தெரியாத, புத்தகமே கதியென்று இருக்கிற சின்னப் பெண். அவளுடைய அப்பாவாக பாட்ரிக் ஸ்டூவர்ட். கட்டி வைக்கப்படும் பையன் கில்ஃபோர்ட் டட்லியாக கேரி எல்விஸ்.

படத்தில் ஜேன் கல்யாணத்துக்கு மாட்டேன் என்கிறாள். அம்மா அடிக்கிறாள், அடித்தே ஒத்துக்கொள்ள வைக்கிறாள். மாப்பிள்ளை குடிகாரனாக, ஊதாரியாக வருகிறான். பிறகு இருவரையும் ஒரு கிராமத்து வீட்டில் தனியாக விட்டதும், சண்டை பேச்சாகிறது, பேச்சு காதலாகிறது. ஓர் இரவு இரண்டு பேரும் கண்ணாடிக் கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்து, உலகத்தில் எதெல்லாம் ஒழிய வேண்டும் என்று சொல்லிச் சொல்லி உடைக்கிறார்கள். முதல் தடவை நான் உருகிப்போன இடம் அது. இப்போதும் அழகாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லக் கூடாது.

ஆனால் அந்தக் காட்சி கதைக்குள் என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். அடித்துச் செய்துவைத்த கல்யாணம் கடைசியில் நல்ல கல்யாணமாகிவிடுகிறது. நம் வீடுகளில் சொல்வார்களே, ‘போகப் போகப் பிடிச்சுப்போயிடும்’ என்று, அதையேதான் ஒரு பெரிய இயக்குநர் மெழுகுவத்தி வெளிச்சத்தில் சொல்கிறார். அம்மா அடித்த அடிக்குக் கதையின் கணக்கில் ஒரு நியாயம் கிடைத்துவிடுகிறது. பின்னால் வந்த சம்மதம் முன்னால் நடந்த கட்டாயத்தைக் கழுவிவிடுகிறது.

உண்மையான ஜேனின் வாழ்க்கையில் அப்படி எதுவும் கழுவப்படவில்லை. 1553 மே மாதம் லண்டன் டர்ஹம் ஹவுஸில் ஒரே நாளில் மூன்று கல்யாணங்கள் நடந்தன. ஜேனுக்கு ஒன்று, அவள் தங்கை கேத்தரினுக்கு ஒன்று, கில்ஃபோர்டின் தங்கைக்கு ஒன்று. கல்யாணம் என்பதைவிட கூட்டணி ஒப்பந்தம் என்று சொல்லலாம். ஜூலையில் அரசியானதும் ஜேன் செய்த முக்கியமான காரியங்களில் ஒன்று, கணவனுக்கு அரசன் பட்டம் கொடுக்க மறுத்தது. டியூக் ஆக்குகிறேன், அதற்கு மேல் முடியாது என்றுவிட்டாள். மாமியார் கொதித்துப்போனாள். மகாராணியாக இருந்த அந்தச் சில நாட்களில் அவள் அழுத்தமாகச் சொன்ன ‘முடியாது’ தன் புருஷனுக்குத்தான். காதல் படம் எடுக்கிற ஒருவருக்கு இது தொந்தரவான தகவல்.

சரித்திரத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எட்டாம் ஹென்றியின் மகன் எட்வர்ட், 15 வயதில் நோயில் கிடக்கிறான். தீவிர ப்ராட்டஸ்டன்ட். தனக்குப் பின் கத்தோலிக்க அக்கா மேரி வந்துவிடக் கூடாது. வாரிசுத் திட்டம் ஒன்றைத் தன் கையாலேயே எழுதுகிறான். அந்தத் தாள் இன்றும் இருக்கிறது. முதலில் ஜேனுக்குப் பிறக்கப்போகும் ஆண் வாரிசுகளுக்கு என்றுதான் எழுதியிருந்தான். ஆனால் ஆண் வாரிசு யாருமே இல்லை, சாவோ வாசலில் நிற்கிறது. வரிக்கு மேலே இரண்டு சின்னச் சொற்களைச் சேர்த்தான். அர்த்தம் ‘ஜேனுக்கும், அவளுடைய ஆண் வாரிசுகளுக்கும்’ என்று மாறிவிட்டது. ஒரு பெண் இடைச்செருகலாக அரசியானாள். எட்வர்ட் ஜூலை 6 அன்று இறந்தான். 9ஆம் தேதி ஸயன் ஹவுஸுக்கு வரவழைத்து அவளிடம் விஷயத்தைச் சொன்னார்கள். அழுதாள், உரிமை மேரியுடையது என்றாள், பிறகு ஏற்றுக்கொண்டாள். 10ஆம் தேதி லண்டன் டவருக்குள் அரசியாக நுழைந்தாள். 19ஆம் தேதி மேரிதான் அரசி என்று பறைசாற்றிவிட்டார்கள். ஜேன் அதே டவரில் கைதியானாள்.

என்னை விடாமல் பிடித்திருப்பது அவள் மரமேடையில் சொன்னது. 1554 பிப்ரவரி 12. வயது 16 அல்லது 17. சுற்றி நின்றவர்களிடம் அவள் சொன்னதன் சாரம் இது: அரசிக்கு எதிராக நடந்த காரியம் சட்டவிரோதம், அதற்கு நான் சம்மதித்ததும் தவறு. ஆனால் அதை நான் தேடிப்போகவில்லை, விரும்பவும் இல்லை, அந்த விஷயத்தில் என் கை சுத்தம்.

சாகப்போகிற நேரத்தில் ஒரு பெண் சம்மதத்தையும் விருப்பத்தையும் தனித்தனியாகப் பிரித்து வைக்கிறாள். ஒன்றுக்குத் தண்டனையை ஏற்கிறாள், மற்றதை மறுக்கிறாள்.

இதை ஒரு நண்பனிடம் சொன்னபோது அவனுக்குப் பிடிக்கவில்லை. “அடி வாங்கி, அழுது, ஒத்துக்கிட்ட பொண்ணு. அவ எதுக்குடா தப்புன்னு சொல்லணும்? மிரட்டி வாங்கின சம்மதம் சம்மதமே இல்ல” என்றான். எனக்கும் உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் ‘நீயும்தானே சரின்னு சொன்னே’ என்பது உலகத்தில் எல்லா அடாவடிக்காரர்களும் சொல்கிற வசனம்.

அரிஸ்டாட்டில் ‘நிக்கோமாக்கிய அறவியல்’ மூன்றாம் புத்தகத்தில் இதைத் தொடுகிறார். புயலில் மாட்டிய கப்பலில் சரக்கைக் கடலில் தூக்கிப்போடுகிறான் மாலுமி. சும்மா இருக்கும்போது யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள். ஆனால் அந்த நேரத்தில், அந்தக் கை அவனுடைய கைதான், அசைத்தது அவன்தான். பெற்றோரையும் பிள்ளைகளையும் பிடித்து வைத்துக்கொண்டு கொடுங்கோலன் ஒருவன் இழிவான காரியத்தைச் செய்யச் சொல்வதையும் அவர் இதே வரிசையில் வைக்கிறார். இவை கலப்புச் செயல்கள், ஆனாலும் விருப்பச் செயலின் பக்கமே சாய்கின்றன என்பது அவர் கட்சி. சிலவற்றுக்கு நாம் மன்னிப்போம், சிலவற்றைச் செத்தாலும் செய்யக் கூடாது என்றும் சேர்க்கிறார். எது எதில் சேரும் என்று பட்டியல் தரவில்லை. புத்திசாலி.

ஜேன் விஷயத்தில் மாலுமி உதாரணம் முழுதாகப் பொருந்தாது. அவள் தூக்கிப்போட்டது சரக்கை அல்ல, மேரியின் உரிமையை. இழப்பு இன்னொருத்திக்கு. அதனால்தான் அவளால் ‘எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை’ என்று சொல்ல முடியவில்லை என்று நினைக்கிறேன். இந்த இடத்தில் எனக்கு உதவியவர் பெர்னார்ட் வில்லியம்ஸ். தன் மேல் எந்தத் தவறும் இல்லாமல், குறுக்கே வந்த குழந்தையின் மேல் ஏற்றிவிடும் லாரி ஓட்டுநரைப் பற்றி அவர் எழுதுகிறார். நாம் எல்லோரும் அவனிடம் போய் ‘உன் தப்பில்லப்பா’ என்போம். சொல்லவும் வேண்டும். ஆனால் நாம் சொன்ன மாத்திரத்தில் ‘ஆமா, என் தப்பில்ல’ என்று அவன் எழுந்து டீ குடிக்கப் போனால் நமக்கு ஏதோ உறுத்தும். ஆக, சில வாக்கியங்களைச் சொல்லும் உரிமை ஒருவருக்குத்தான் உண்டு. ‘சம்மதித்தது தவறு’ என்று ஜேன் சொல்லலாம். மேரி சொல்லக் கூடாது, நீதிபதி சொல்லக் கூடாது, நாமும் சொல்லக் கூடாது. நண்பனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இது. ராத்திரி பஸ்ஸில் திரும்பும்போதுதான் தோன்றியது, வழக்கம்போல.

இன்னொன்றும் உண்டு. அந்தச் சதியில் கையெழுத்துப் போட்ட பிரபுக்கள் பலர் காற்று திரும்பியதும் மேரி பக்கம் ஓடிவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் சூத்திரதாரியான மாமனார் நார்தம்பர்லண்ட், உயிர் மிஞ்சுமோ என்று கத்தோலிக்கத்துக்கே மாறினார். ஆகஸ்டில் தலை போயிற்று, மதமாற்றம் உதவவில்லை. சில நாட்கள் கழித்து டவரில் ஒரு சாப்பாட்டு மேசையில் பேச்சு வந்தபோது ஜேன் சீறியது பதிவாகியிருக்கிறது. இளவயதுக்காரியான நானே உயிராசைக்காக நம்பிக்கையை விடமாட்டேன், வயதான மனிதருக்கு என்ன வந்தது என்ற தொனி. செய்ததற்குப் பெரியவர்கள் யாரும் பொறுப்பேற்காத வழக்கில், செய்யவைக்கப்பட்டவள் தன் பங்கை அளந்து எடுத்துக்கொண்டாள். முழுக்க நிரபராதி என்று நாம் அவளைத் தூக்கிவைத்தால், அவள் மறுபடியும் எட்வர்டின் தாளில் வரிக்கு மேல் செருகப்பட்ட ஒரு சொல்லாகிவிடுவாள்.

படம் கவனிக்காமல் விட்ட ஒரு விஷயம் மேரி. 1536இல் மேரிக்கு 20 வயது. அப்பா ஹென்றி ஒரு தாளை நீட்டி, உன் தாயின் கல்யாணம் செல்லாது, நீ முறைப்படி பிறந்தவள் இல்லை என்று ஒப்புக்கொள் என்றார். மறுத்தால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். மேரி கையெழுத்திட்டாள். விரும்பாத சம்மதம் எப்படிக் கசக்கும் என்று அந்த அரண்மனையில் ஜேனைவிட நன்றாகத் தெரிந்தவள் அவள்தான். நவம்பரில் மரண தண்டனை விதிக்கப்பட்ட பிறகும் ஜேனை உயிரோடு வைத்திருந்ததற்கு இது ஒரு காரணமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம். பிறகு ஸ்பெயின் பிலிப்போடு மேரியின் கல்யாணத்தை எதிர்த்து வையட் கலகம் வெடித்தது. ஜேனின் அப்பா அதில் போய்ச் சேர்ந்தார். மகளுக்கு அவர் செய்த கடைசி உபகாரம் அதுதான்.

மேரி, மரணத்தைச் சில நாள் தள்ளி வைத்து, ஜேனை மதம் மாற்ற ஃபெக்கனம் என்ற பாதிரியாரை அனுப்பினாள். படத்தில் மைக்கேல் ஹார்டர்ன் செய்திருக்கும் வேடம், படத்தின் சிறந்த நடிப்பு என்பேன். இருவரும் வாதிட்டார்கள். அவள் மாறவில்லை. ஆனால் படத்தின் ஜேன் மென்மையானவள், அதுதான் எனக்கு இடிக்கிறது. நிஜ ஜேன், கத்தோலிக்கத்துக்குத் திரும்பிவிட்ட தன் குடும்பத்தின் பழைய பாதிரியார் ஹார்டிங்குக்கு எழுதிய கடிதத்தை வாசித்தால் காது சுடும். பிசாசின் வாரிசு என்கிற அளவுக்குத் திட்டுகிறாள். இந்தப் பெண்ணிடம் அரியணை தங்கியிருந்தால் யார் யாரை எரித்திருப்பாள்? அவள் சார்ந்த கட்சியும் 1550இல் ஜோன் போச்சர் என்ற பெண்ணை நம்பிக்கைக்காக எரித்ததுதான். மேரி பிறகு எரித்தது 280 பேர் வரை, அது வேறு அளவு. இருந்தும் கேள்வி போகவில்லை. அவளுடைய கடைசி ‘மாட்டேன்’ சுதந்திரமா, வளர்ப்பா? கிரேக்கம் சொல்லிக்கொடுத்த ஆசிரியர்கள்தானே இந்த நம்பிக்கையையும் ஊட்டினார்கள்? என்னால் இதைப் பிரிக்க முடியவில்லை. கொடுக்கப்பட்டவற்றில் கல்யாணத்தை, கிரீடத்தை, கணவனின் பட்டத்தை அவள் வேண்டாதவையாக நினைத்தாள். நம்பிக்கையை மட்டும் கையை விட்டு இறக்கவில்லை. சொந்தம் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஃபெக்கனம் என்ன ஆனார் என்று தேடினேன். எலிசபெத் வந்ததும் தலைமை ஏற்பு உறுதிமொழி எடுக்க மறுத்தார். பல ஆண்டுகள் சிறையிலும் காவலிலும் கழித்து, 1584இல் விஸ்பீச் கோட்டையில் கைதியாகவே இறந்தார். 30 வருடங்களுக்கு முன்னால் ஒரு சின்னப் பெண் தன்னிடம் சொன்ன அதே ‘மாட்டேன்’, வேறு மதத்தின் பெயரில்.

லண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் டெலரோஷ் 1833இல் வரைந்த ஜேனின் மரண ஓவியம் இருக்கிறது. பளபளக்கும் வெள்ளை உடை, இருண்ட அறை. நடந்தது திறந்த வெளியில், பகலில். உடையிலும் இடத்திலும் தவறு, ஒரு விஷயத்தில் மட்டும் சரி: கண்ணைக் கட்டிக்கொண்ட பிறகு அவளுக்குக் கட்டை எங்கே என்று தெரியவில்லை. கையை நீட்டித் துழாவினாள், எங்கே அது, நான் என்ன செய்ய என்று கேட்டாள். ஓவியத்தில் வயதான அதிகாரி ஒருவர் குனிந்து வழிகாட்டுகிறார். அக்காலக் குறிப்பில் இருப்பது பக்கத்தில் நின்றவர்களில் ஒருவர் என்று மட்டும்தான். பெயர் எழுதப்படவில்லை.