நகை மூட்டையும் நாவிதனின் அச்சமும்



சாக்கிய குமாரர் அறுவர் மனை துறந்து பகவானை நாடிச் சென்ற வரலாறு வினயபிடகத்தில் உள்ளது. அநுருத்தர், ஆனந்தர், தேவதத்தர் முதலானோர் அவர்கள். உடன் சென்றவன் உபாலி என்னும் நாவிதன். நாட்டெல்லையைக் கடந்ததும் குமாரர்கள் தம் ஆபரணங்களைக் கழற்றி மூட்டையாகக் கட்டி, பிழைப்புக்கு வைத்துக்கொள்ளுமாறு அவனிடம் கொடுத்து ஊருக்குத் திரும்பச் சொன்னார்கள்.

கொடுத்தவர் மனத்தில் கள்ளமில்லை. வாங்கியவன் மனத்திலோ நடுக்கம். இளவரசர்களைக் காணோம், நாவிதன் மட்டும் நகையோடு வருகிறான் என்றால் சாக்கியர் அவனை உயிரோடு விடுவார்களா? மூட்டையை ஒரு மரத்தில் தொங்கவிட்டு, கண்டவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று அவர்கள் பின்னே ஓடினான். அவன் சொன்ன பிறகே குமாரர்களுக்கு அது புலனாயிற்று. அறிவிலிகளா அவர்கள்? அல்லர். தம் குலத்தாரின் கடுமை அவர்கள்மீது ஒருநாளும் பாய்ந்ததில்லை, அவ்வளவே.

நான் ஆலையில் நூற்புப் பகுதியில் இருந்தபோது மேற்பார்வையாளர் ஒருவர் தம் மகளின் திருமணத்துக்கு அன்போடு அழைத்தார். நல்லவர். நான் போகவில்லை. எனக்கு அகம்பாவம் என்று நெடுநாள் மனவருத்தம் கொண்டிருந்தார். அவர் தெருவில் செருப்பணிந்து நடந்ததற்காக எங்களவர் ஒருவர் அடிபட்டதை அவர் அறியார், நானும் சொல்லவில்லை. சொல்லாதது என் பிழையோ என்று இன்றும் எண்ணுவதுண்டு.

உடனுழைப்போரும் இக்குருட்டுத்தன்மைக்கு விலக்கல்லர். அக்காலப் பம்பாய் ஆலைகளில் தீண்டப்படாதாரை நெசவுப் பகுதியில் சேர்ப்பதில்லை. நாடாவில் புதுத் தார் இட்டதும் நூல் முனையை வாயால் உறிஞ்சி இழுக்கவேண்டும். அந்த எச்சில் தீட்டாம்! நெசவில் கூலியோ அதிகம். 1928-ஆம் ஆண்டுப் பெரும் வேலைநிறுத்தத்தில் முதலாளிகளை எதிர்த்து நின்ற தலைவர்களும் இதைத் தாமாகப் பேசவில்லை. டாக்டர் அம்பேத்கர் வற்புறுத்திய பின்னரே கோரிக்கைகளில் சேர்த்தனர்.

குமாரர்களின் கதை அங்கே முடியவில்லை. பகவானை அடைந்ததும் அவர்கள் விடுத்த வேண்டுகோள் வியப்புக்குரியது. சாக்கியராகிய தங்களுக்குச் செருக்கு மிகுதி. ஆதலால் உபாலிக்கே முதலில் துறவு அளிக்கவேண்டும், அவரைக் கண்டால் தாங்கள் எழுந்து வணங்கவேண்டும் என்றனர். உபாலிக்கு இரங்குவோம் என்று சொல்லவில்லை, கவனியுங்கள்! தம் தலை தாழவேண்டும் என்றே கேட்டனர். பகவான் இசைந்தார்.

பகவானின் பரிநிர்வாணத்துக்குப்பின் இராசகிருகத்தில் கூடிய முதற் சங்கத்தில் வினயத்தை எடுத்துரைத்தவர் அந்த உபாலி தேரர். அவருக்குப் பின்னரே தம்மத்தை எடுத்துரைக்க அமர்ந்தார் ஆனந்தர்.