எத்தனை தடவை ஓத வேண்டும்?

 

பள்ளிவாசல் இமாம்களைத் தேடி வரும் மக்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஹஜ்ரத்! கடன் தீர என்ன ஓதலாம்? பிள்ளைக்குப் படிப்பு ஏற என்ன ஓதலாம்? மகளுக்கு நல்ல இடம் அமைய என்ன ஓதலாம்?" ஏதேனும் ஒன்றைச் சொல்லிக் கொடுத்தால் உடனே அடுத்த கேள்வி பிறக்கும்: "எத்தனை தடவை?" நூறா, முன்னூறா, ஆயிரமா என்று எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு போய்விடுவார்கள். "நான் ஓதப் போவதற்கு என்ன அர்த்தம்?" என்று கேட்பவர் நூற்றில் ஒருவர் இருந்தால் அதுவே அதிசயம்.

நம் நாட்டில் "மந்திரம்" என்ற சொல் எல்லோருக்கும் பழக்கமானது. வேத மந்திரங்களை ஓதும் மரபினர் ஒலிக்கு மிகப் பெரிய இடம் கொடுத்து, ஏற்ற இறக்கம் மாறாமல் அவற்றை வாய்மொழியாகவே காத்து வந்திருக்கிறார்கள். அது அவர்களுடைய மார்க்கம்; அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது இங்கு நம் வேலையல்ல. ஆனால் கதை கேட்டு வளர்ந்த பாமர மக்களிடம் வேறொரு எண்ணம் ஊறிப் போயிருக்கிறது. உரிய ஒலியை உரிய எண்ணிக்கையில் சொல்லிவிட்டால், சாவி போட்டதும் பூட்டுத் திறப்பதுபோல் காரியம் நடந்தே தீரும் என்பதே அந்த எண்ணம். அதை நாம் ஓதும் திருவசனங்களின் மீதும் ஏற்றி விட்டோமோ என்று அஞ்ச வேண்டியிருக்கிறது.

துஆ என்றால் அழைத்தல். திக்ர் என்றால் நினைவுகூர்தல். அழைப்பதென்றால் அழைக்கப்படுகிறவன் ஒருவன் இருக்கிறான் என்று பொருள். கேட்டதைக் கொடுப்பதும், தாமதித்துக் கொடுப்பதும், அதைவிட நல்லதொன்றைக் கொடுப்பதும் அவனுடைய நாட்டம். கலெக்டரிடம் மனுக் கொடுக்கிறவன் கலெக்டரை ஏவிவிட முடியாது. அது இருக்கட்டும், அந்த மனுவில் என்ன எழுதியிருக்கிறதென்று தெரியாமலே கொண்டுபோய் நீட்டுகிறவனைப் பற்றி என்ன நினைப்போம்? மது முழுவதுமாகத் தடுக்கப்படுவதற்கு முன்பு, போதையுடன் தொழுகையை நெருங்கக் கூடாது என்று ஓர் ஆணை இறங்கியது. அதற்குத் திருமறை காட்டிய எல்லையைக் கவனியுங்கள்: தாம் சொல்வது இன்னதென்று அறியும் நிலை வரும்வரை! மது அருந்தாமலே அந்த நிலையில் நாம் இல்லாவிட்டால் அது எவ்வளவு பெரிய கைசேதம்!

ஒலி முக்கியமில்லை என்று நாம் சொல்லவில்லை. அரபி மொழியில் ஓர் எழுத்துப் பிறக்கும் இடம் மாறினால் பொருளே மாறிவிடும். நாவின் அடிவேர் மேலண்ணத்தைத் தொட்டுப் பிறக்கும் "காஃப்" ஒன்று. அதற்குச் சற்று முன்னால் பிறக்கும் "காஃப்" மற்றொன்று. தமிழில் எழுதினால் இரண்டிற்கும் ஒரே "க" தான். முதல் எழுத்தால் "குல்" என்றால் "சொல்வீராக" என்று பொருள். இரண்டாவது எழுத்தால் சொன்னால் "சாப்பிடுவீராக" என்றாகிவிடும். முன்னதால் "கல்பு" என்றால் இதயம். பின்னதால் சொன்னால் நாய்! இன்னும் கேளுங்கள். "அல்லாஹு அக்பர்" என்பதில் முதல் எழுத்தை நீட்டி "ஆல்லாஹு" என்றால், "அல்லாஹ்வா பெரியவன்?" என்று கேள்வி கேட்டது போலாகும். கடைசியை நீட்டி "அக்பார்" என்றால், முரசுகளைக் குறிக்கும் சொல்லாகிவிடும். தொழுகையில் நுழையும் தக்பீரை இவ்வாறு நீட்டக் கூடாது என்று பிக்ஹு நூல்கள் எச்சரிப்பது இதனால்தான்.

நம் முன்னோர்கள் இதை நன்கு உணர்ந்திருந்தார்கள். அரபு எழுத்திலேயே தமிழை எழுதும் அரபுத்தமிழ் முறையை வளர்த்தார்கள். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளிகளைக் கூட்டிப் புதிய எழுத்துகளை அமைத்துக்கொண்டார்கள். வீட்டிலிருந்தபடியே நம் பாட்டிமார் பலர் தொழுகைச் சட்டங்களை அந்த எழுத்தில் படித்தார்கள். அதனால் அரபி எழுத்துகள் அவர்களுக்கு அந்நியமாக இருக்கவில்லை. இன்று யாசீன் சூராவைத் தமிழ் எழுத்தில் அச்சிட்ட புத்தகத்தை வைத்து ஓதுகிறோம். ஓதத் தெரிந்த ஒருவரிடம் உட்கார்ந்து வாயைத் திருத்திக்கொள்ளும் வரை அது ஒரு கைத்தடி மட்டுமே. அதையே காலாக எண்ணிவிடக் கூடாது.

அதே சமயம், வயதான காலத்தில் நாக்குத் திரும்பவில்லையே என்று எந்தத் தாயும் கலங்க வேண்டாம். திக்கித் திணறிச் சிரமப்பட்டு ஓதுகிறவருக்கு இரண்டு கூலி உண்டு என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாக அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். முயற்சியைக் கைவிடுவதுதான் குற்றம், திணறுவது குற்றமல்ல.

இனிப் பொருளுக்கு வருவோம். தொழுகைக்குப் பின் விரல்களில் எண்ணுகிறோமே, அந்த மூன்று சொற்களையே எடுத்துக்கொள்ளுங்கள். "சுப்ஹானல்லாஹ்" என்னும்போது, எந்தக் குறையும் அல்லாஹ்வை அணுகாது, அவன் அத்தனைக்கும் அப்பாற்பட்ட தூயவன் என்கிறோம். அவனுடைய தீர்ப்பில் குறை காணும் நெஞ்சுக்கு அதுவே மருந்து. "அல்ஹம்துலில்லாஹ்" என்னும்போது அவனைப் புகழ்கிறோம். ஷுக்ரு என்பது பெற்றதற்கு நன்றி. ஹம்து அதைவிட விரிந்தது. நமக்கு ஒன்றும் கிடைக்காத நாளிலும் அவன் புகழுக்குரியவனே. "அல்லாஹு அக்பர்" என்றால் அல்லாஹ் மிகப் பெரியவன். எதைவிடப் பெரியவன்? அதைச் சொல்லாமலே விட்டிருக்கிறது! கடன்காரனுக்கு அஞ்சுகிறவன் அங்கே கடன்காரனை வைத்துக்கொள்ளட்டும். நோய்க்கு அஞ்சுகிறவன் நோயை வைத்துக்கொள்ளட்டும்.

இந்தச் சொற்கள் பாத்திமா நாயகி (ரலி) அவர்களுக்குக் கற்றுத் தரப்பட்ட வரலாறு நம் பெண்மணிகள் அறிய வேண்டியது. திரிகை சுற்றிச் சுற்றி அவர்களுடைய கைகள் காய்த்துப் போயின. வேலைக்கு ஓர் ஆள் கேட்டு அருமைத் தந்தையிடம் சென்றார்கள். அப்போது சந்திக்க இயலவில்லை. செய்தி அறிந்த நாயகம் (ஸல்) அவர்கள் இரவில் மகளார் வீட்டுக்கே வந்தார்கள். பணியாளரைவிடச் சிறந்தது இதுவென்று, படுக்கைக்குச் செல்லும்போது சுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34 ஓதுமாறு கற்றுக்கொடுத்தார்கள். மறுநாள் திரிகை தானாகச் சுற்றவில்லை. சுற்றும் கைகளுக்குப் பின்னே இருந்த நெஞ்சு பலம் பெற்றது. அன்று முதல் அதை விட்டதேயில்லை என்றார்கள் அலி (ரலி) அவர்கள். ஸிஃப்பீன் போர் நடந்த இரவிலுமா என்று கேட்டபோது, அந்த இரவிலும்தான் என்று பதிலளித்தார்கள்.

"பொருள் தெரியாவிட்டாலும் எழுத்துக்குப் பத்து நன்மை உண்டே?" என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். அலிஃப், லாம், மீம் ஆகிய மூன்றும் ஒரே எழுத்தல்ல, தனித்தனி எழுத்துகள் என்று நாயகமே விளக்கியிருக்கிறார்கள். திருமறையின் 29 சூராக்கள் இத்தகைய தனி எழுத்துகளுடன் தொடங்குகின்றன. அரபியின் 28 எழுத்துகளில் சரிபாதியான 14 எழுத்துகள் அவற்றில் வருகின்றன. அவற்றின் உட்பொருளை அல்லாஹ்வே அறிவான் என்று பெரும் மேதைகளும் தலைவணங்கி நின்றார்கள். அது அறிவு தன் எல்லையைத் தொட்டு நிற்கும் பணிவு. விளங்கிக்கொள்ள வழியிருந்தும் நாம் விளங்காமல் இருப்பதை அந்தப் பணிவோடு சேர்க்க முடியுமா?

அடுத்தது, ஓதிப் பார்த்தல். இதற்கு மார்க்கத்தில் இடம் உண்டு. நபித்தோழர்கள் சிலர் பயணத்தில் ஒரு கூட்டத்தாரிடம் விருந்து கேட்டார்கள், அவர்கள் மறுத்துவிட்டார்கள். பின்னர் அக்கூட்டத்தின் தலைவரை விஷ ஜந்து கொட்டியது. தோழர்களில் ஒருவர் பாத்திஹா சூராவை ஓதினார், தலைவர் குணமடைந்தார். கூலியாகக் கிடைத்த ஆடுகளைப் பங்கிட அவர்கள் துணியவில்லை. நாயகத்திடம் கேட்ட பின்பே பங்கிட்டார்கள். ஓதிப் பார்ப்பதில் ஷிர்க் கலவாதவரை குற்றமில்லை என்பதும் நாயகத்தின் தீர்ப்பு. இதற்கு மூன்று நிபந்தனைகளை உலமாக்கள் வகுத்திருப்பதாக ஹாஃபிழ் இப்னு ஹஜர் அஸ்கலானி (ரஹ்) அவர்கள் எடுத்துரைக்கிறார்கள். ஓதுவது அல்லாஹ்வின் வசனமாகவோ, திருநாமமாகவோ, அவனது பண்பாகவோ இருக்க வேண்டும். அரபியிலோ, பொருள் விளங்கும் வேறு மொழியிலோ இருக்க வேண்டும். அந்த ஓதல் தானாக எதையும் செய்யாது, செய்பவன் அல்லாஹ்வே என்று நம்ப வேண்டும். புரியாத முணுமுணுப்புக்கும் கட்டம் போட்ட புதிர்த் தகட்டுக்கும் காசைக் கொட்டும் சகோதரர்கள் இந்த இரண்டாவது நிபந்தனையைச் சிந்திக்க வேண்டும்.

ஒரு மழைக்காலத்தில் மஃரிபு தொழுது வெளியே வந்தேன். வழக்கம்போல் பள்ளி வாசலில் தண்ணீர்ச் செம்புகளோடும் பிள்ளைகளோடும் தாய்மார்கள் நின்றிருந்தார்கள். அவர்களில் இந்துச் சகோதரிகளும் உண்டு. ஒரு கைக்குழந்தைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். மூச்சு வாங்கும்போது விலா எலும்பு உள்ளே இழுத்தது. கழுத்தில் புதுத் தாயத்து. "இதைக் கட்டினவரு, மருந்து கொடுத்தா பலிக்காதுன்னு சொல்லிட்டாரு ஹஜ்ரத்" என்றார் அந்தத் தாய். பாத்திஹாவை ஓதி ஊதினேன். "நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கம்மா. வீட்டுக்குப் போய்விட்டுப் போகலாம் என்று எண்ணாதீர்கள்" என்று சொல்லி, உடன் ஓர் ஆளையும் அனுப்பினேன். நுரையீரலில் சளி கட்டியிருந்தது. ஒரு வாரம் படுக்கையில் வைத்துக் காப்பாற்றினார்கள். "நீங்க ஓதினதாலதான் பிழைச்சுது" என்று அவர் பிறகு வந்து சொன்னபோது, "ஓதியதையும் மருந்தையும் பலிக்கச் செய்தவன் ஒருவனே, அவனுக்கே நன்றி சொல்லுங்கள்" என்றேன்.

சிகிச்சை செய்துகொள்ளலாமா என்று கிராமத்து அரபிகள் கேட்டபோது, செய்துகொள்ளுங்கள், முதுமையைத் தவிர மருந்தில்லாத நோயை அல்லாஹ் உண்டாக்கவில்லை என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள். மருந்தைத் தடுக்கும் எவரும் அந்த நாயகத்தின் பெயரால் பேசத் தகுதியுடையவர் அல்லர்.

கடைசியாக ஒரு சொல். "லாயிலாஹ இல்லல்லாஹ்" என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். உதட்டோடு உதடு ஒரு தடவையேனும் ஒட்டுகிறதா? ஒட்டாது! அதிலுள்ள எந்த எழுத்தும் உதட்டில் பிறப்பதில்லை. வாய் மூடாத நிலையில், உதடு அசையாத நிலையில், நாவு மட்டும் சற்றே அசைந்தால் சொல்லிவிடலாம். சக்கராத்து நிலையில் இருப்பவருக்கு இக்கலிமாவைச் சொல்லிக் கொடுக்குமாறு நமக்கு ஏவப்பட்டிருக்கிறது. அப்போது அவரைச் சூழ்ந்து நின்று "சொல்லுங்க, சொல்லுங்க" என்று நெருக்கக் கூடாது. பக்கத்தில் அமர்ந்து, அவர் காதில் விழும்படி நாம் மெல்லச் சொல்ல வேண்டும். அவர் ஒரு தடவை சொல்லிவிட்டால், வேறு பேச்சுப் பேசினாலன்றித் திரும்பச் சொல்லத் தூண்டக் கூடாது. இது உலமாக்கள் கற்றுத் தந்த ஒழுங்கு. அந்த நேரத்தில் எத்தனை தடவை என்ற கணக்கு இல்லை. ஒரு தடவை போதும். ஆனால் அந்த ஒரு தடவை, அல்லாஹ்வைத் தவிர வணக்கத்திற்குரியவன் வேறில்லை என்று ஆயுள் முழுவதும் அறிந்து சொல்லிப் பழகிய நாவிலிருந்து வர வேண்டாமா?

ஆகவே இன்று இஷாவுக்குப் பின் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். நாம் தொழுகையில் ஓதுபவற்றில் வாரத்துக்கு ஒன்றை எடுத்து, அதன் உச்சரிப்பையும் பொருளையும் கேட்டறிந்து சொல்லிக் கொடுங்கள். ஓராண்டுக்குள் அத்தஹிய்யாத்து முதல் குனூத்து வரை முழுத் தொழுகையும் உங்கள் வீட்டில் பொருளோடு ஒலிக்கும், இன்ஷா அல்லாஹ்!

நாவால் சொல்வதை நெஞ்சால் அறிந்து சொல்லும் நற்பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்! யாரப்பல் ஆலமீன்!