வேடத்துக்கு முந்திய குரல்

தொலைக்காட்சியில் ஒரே வேடத்தில் ஆண்டுக்கணக்காகப் பார்த்துப் பழகிய நடிகர் ஒருவர் திடீரென்று காதல் பாட்டொன்றை உருகிப் பாடினால், பார்ப்பவர் முதலில் திகைக்கிறார். அதன் பிறகுதான் பாட்டு காதில் விழுகிறது. அமெரிக்க நடிகர் ஜிம் நேபர்ஸ் (1930–2017) இதற்கு நல்ல உதாரணம். 1962இல் 'தி ஆண்டி கிரிஃபித் ஷோ' என்ற தொடரில் கோமர் பைல் என்னும் வெள்ளந்தியான பெட்ரோல் நிலைய ஊழியராக அவர் வந்தார். அந்தப் பாத்திரம் மக்களுக்குப் பிடித்துப்போகவே, 1964 முதல் 1969 வரை அதையே படைச் சிப்பாயாக்கித் தனித் தொடர் ஒன்று ஓடியது. இழுத்து இழுத்துப் பேசி எதற்கும் வாய்பிளக்கும் அந்த அப்பாவி, பாட வாயெடுத்தால் இசைநாடக மேடைக்கு உரிய ஆழ்ந்த ஆண்குரல் வெளிப்பட்டது. கொலம்பியா நிறுவனம் அவருடைய காதல் பாடல்களையும் பக்திப் பாடல்களையும் இசைத்தட்டுகளாக்கியது. 1972 முதல் 2014 வரை பெரும்பாலான ஆண்டுகளில் இண்டியானாபொலிஸ் 500 கார்ப் பந்தயம் தொடங்குவதற்கு முன் அவர்தான் பாடினார். அந்த 42 ஆண்டுகளில் கோமர் பைலைப் பார்த்திராத ஒரு தலைமுறையே பிறந்து வளர்ந்துவிட்டது. அவர்களுக்கு நேபர்ஸ் வெறும் பாடகர்.

இதில் கவனிக்கவேண்டியது, எது முதலில் வந்தது என்பது. ஆண்டி கிரிஃபித் அவரைக் கண்டெடுத்த இடம், சாண்டா மோனிகாவில் இருந்த 'தி ஹார்ன்' என்ற இரவு விடுதி. பட்டிக்காட்டுப் பேச்சையும் கனத்த குரல் பாட்டையும் கலந்து நேபர்ஸ் அங்கே நிகழ்ச்சி செய்துகொண்டிருந்தார். அதிலிருந்து பேச்சை மட்டும் எடுத்துத்தான் கோமர் பைலை உருவாக்கினார்கள். ஆகவே நடிகர் பாடகராக மாறினார் என்று சொல்வது சரியான கணக்கு அல்ல. பாடகராக இருந்தவரின் பாதியை மட்டும் தொலைக்காட்சி வாங்கிக்கொண்டது, மற்றப் பாதி வெளியே வந்தபோது, "இவருக்குப் பாடவும் வருமா?" என்று நாடே கேட்டது.

ஒருவரை அவர் செய்யும் ஒரு வேலையோடு முடிச்சுப் போட்டுவிட்டால், அந்த முடிச்சை அவிழ்க்க யாருக்கு உரிமை இருக்கிறது என்பதுதான் இதிலிருந்து எழும் கேள்வி. கண்டியில் இருந்துகொண்டு இதை யோசிக்கத் தனிக் காரணம் உண்டு. பேராதனையிலிருந்து மகாவலியை ஒட்டி மேலே போகும் வீதி, கம்பளையில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று நாவலப்பிட்டிக்குப் போகிறது. மற்றது புசல்லாவை வழியாக இறம்பொடைக்கு ஏறுகிறது. நாவலப்பிட்டியில் 1917 ஜனவரி 17ஆம் திகதி பிறந்தவர் எம்.ஜி. ராமச்சந்திரன். இறம்பொடையில் 1923 ஜனவரி 15ஆம் திகதி பிறந்தவர், பின்னாளில் ருக்மணி தேவி என்று இலங்கை முழுவதும் அறியப்பட்ட டெய்சி ராசம்மா டேனியல்ஸ். இருவரும் நடிகர்கள், இருவருடைய புகழிலும் பாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் குரல் என்ற ஒன்றில் இருவருடைய வாழ்க்கையும் நேர் எதிர்த் திசையில் போயிற்று.

எம்.ஜி.ஆர். கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தந்தை இறந்தபின் தாய் சத்தியபாமா பிள்ளைகளுடன் இந்தியா திரும்பினார். சிறுவன் நாடகக் கம்பெனியில் சேர்க்கப்பட்டான். பாய்ஸ் கம்பெனி எனப்பட்ட அந்தச் சிறுவர் நாடகக் குழுக்களில் பாடத் தெரியாத பையனுக்குப் பெரிய வேடம் கிடைக்காது. மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால், இருந்த வேடமும் கைநழுவிப் போகும். தமிழ்ப் பேசும் படத்தின் முதல் நட்சத்திரங்களான எம்.கே. தியாகராஜ பாகவதரும் பி.யு. சின்னப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் இந்த நாடக மேடையிலிருந்து வந்தவர்கள்தாம். அக்காலத்தில் நடிகர் பாடுவது யாருக்கும் ஆச்சரியமில்லை, பாடாவிட்டால்தான் ஆச்சரியம். 1938இல் ஏ.வி. மெய்யப்பனின் 'நந்தகுமார்' படத்தில் பின்னணிப் பாட்டு தலைகாட்டியது. அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் முகம் வேறு, குரல் வேறு என்ற ஏற்பாடு நிலைத்துவிட்டது. 1954இல் வந்த 'மலைக்கள்ள'னுக்குப் பிறகு டி.எம். சௌந்தரராஜனின் குரலே எம்.ஜி.ஆரின் குரல் என்றாகிவிட்டது. சிவாஜி கணேசனுக்கும் அதே சௌந்தரராஜன்தான் பாடினார். இரண்டு முகங்களுக்கும் ஏற்றபடி அவர் குரலை வைத்துப் பாடிய நுட்பத்தைப் பாராட்டாதவர் இல்லை. இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் படத்தின் பெயரையும் பாடியவர் பெயரையும் சொன்னதால், தோட்டத்து லயங்களில் வானொலிக்கு முன் அமர்ந்திருந்தவர்களுக்கும் யார் பாடுகிறார் என்பது நன்றாகவே தெரியும். தெரிந்திருந்தும், தியேட்டரில் திரைக்கு முன்னால் உட்கார்ந்தவுடன் அது எம்.ஜி.ஆர். பாட்டுத்தான். இதை ஏமாற்று என்று சொல்வது தவறு. ரசிகர்கள் மனமறிந்து ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது.

அந்த ஏற்பாட்டுக்கு அடங்காமல் நின்றவர் ஜே.பி. சந்திரபாபு. தூத்துக்குடியில் 1927இல் பிறந்து, சுதந்திரப் போராட்ட வீரரான தந்தை நாடுகடத்தப்பட்டதால் கொழும்பில் வளர்ந்து படித்தவர். கொழும்பில் காதில் விழுந்த மேற்கத்திய இசை அவருடைய பாட்டில் கடைசிவரை தங்கியிருந்தது. குரலைச் சட்டென்று மேலே எறிந்து கீழே இறக்கும் யோடலிங்கை அவர் போலத் தமிழில் பாடியவர் வேறில்லை. நகைச்சுவை நடிகர் என்றுதான் ஊர் அவரை வைத்திருந்தது. ஆனால் 1954இல் வந்த 'பெண்' படத்தில் எஸ். பாலச்சந்தர் திரையில் வாயசைத்த பாட்டொன்றைப் பாடியவர் சந்திரபாபு. வீணை வித்துவான் என்று உலகம் கொண்டாடிய பாலச்சந்தருக்கு ஒரு கோமாளியின் குரல் தேவைப்பட்டது என்றால், எந்தக் குரல் எந்த முகத்துக்கு உரியது என்ற கட்டுப்பாடெல்லாம் என்ன ஆகிறது? சந்திரபாபுவின் சோகப் பாட்டையும் காதல் பாட்டையும் இன்றும் கேட்பவர்கள், அவர் குட்டிக்கரணம் போட்டதை நினைத்துக் கேட்பதில்லை.

இனி இறம்பொடையில் பிறந்தவரைப் பற்றி. ருக்மணி தேவி கொழும்புச் செட்டி வழிவந்த, தமிழ் பேசும் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். அவருடைய முதல் இசைத்தட்டு 1938இல் எச்.டபிள்யூ. ரூபசிங்கவுடன் சேர்ந்து பாடியது. அப்போது வயது 15. சிங்கள மேடையில் மினர்வா நாடகக் குழுவின் கதாநாயகியானார். 1947 ஜனவரி 21ஆம் திகதி முதல் சிங்களப் பேசும் படமான 'கடவுனு பொரொந்துவ' திரைக்கு வந்தபோது, அதன் நாயகியும் அவரே. அந்தப் படத்தைத் தயாரித்தவர் எஸ்.எம். நாயகம் என்ற தமிழர் என்பதும் இங்கே நினைக்கத் தக்கது. தமிழ்த் திரையில் முகமும் குரலும் பிரிந்துகொண்டிருந்த அதே காலத்தில், சிங்களத் திரையின் முதல் நாயகி தன் பாட்டைத் தானே பாடினார்.

வயது ஏறியதும் சினிமா வழக்கம்போல் அவரைக் கைவிடத் தொடங்கியது. நாயகி வேடங்கள் இளையவர்களுக்குப் போயின. நடிப்பை மட்டுமே நம்பியிருந்தால் அந்த இடத்தில் வாழ்க்கை நின்றுபோயிருக்கும். ருக்மணி தேவி குரலோடு வெளியே வந்தார். கானிவெல் மேடைகளிலும் ஊர்ஊராக நடக்கும் இசை நிகழ்ச்சிகளிலும், தன்னைவிட ஒரு தலைமுறை இளையவர்கள் கிற்றாரும் ட்ரம்ஸும் வாசிக்க, நடுவில் சேலையுடன் நின்று பாடினார். க்ளாரன்ஸ் விஜேவர்தன போன்ற புதிய தலைமுறை இசைக்காரர்கள் அவருக்காகப் புதுப் பாட்டு அமைத்தார்கள். இதைச் சரிவு என்று எழுதியவர்கள் உண்டு. முதல் நாயகி கானிவெலில் பாடும்படி ஆயிற்றே என்ற இரக்கத்தோடு எழுதினார்கள். அந்த இரக்கம் அவசியமற்றது. முகத்துக்கு வயதாகிவிட்டது என்று சினிமா சொன்ன பிறகும் குரலுக்கு வேலை இருந்தது. ஆட்கள் காசு கொடுத்துக் கேட்க வந்தார்கள். 1978 ஒக்டோபர் 28ஆம் திகதி மாத்தறையில் நிகழ்ச்சி முடித்துத் திரும்பும் வழியில், துடெல்லவில் நடந்த வாகன விபத்தில் அவர் இறந்தார். முந்தின இரவு வரை பாடிக்கொண்டுதான் இருந்தார்.

இவர்களெல்லாம் பிரபலங்கள், பார்த்துத் திகைப்பதற்கு ஒரு கூட்டம் முன்னால் இருந்தது. கண்டியைச் சுற்றியுள்ள மலைத் தோட்டங்களில், ஒரு வேலையோடு முடிச்சுப் போடப்பட்டவர் பாடகராக நிற்கும் இதே காரியம் எந்தக் கூட்டமும் திகைக்காமல் நூறாண்டுகளுக்கு மேலாக நடந்துவருகிறது. அதுதான் காமன் கூத்து. தெல்தோட்டையிலும் கலஹாவிலும் புசல்லாவையிலும் மாசி மாதம் காமன் கம்பம் ஊன்றினால், விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டுத் தேயிலைக் கவ்வாத்துக்குப் போகிற அதே ஆள் இரவில் மன்மதன் ஆகிறார். ரதி வேடமும் பெரும்பாலும் ஆணுக்குத்தான். சலங்கையும் கிரீடமும் அரிதாரமும் ஏறியபின், தப்பு முழங்க, இருவரும் லயம் லயமாகப் போய் ஆடிப் பாடுவார்கள். பாட்டெல்லாம் காதல், அம்பு தைத்த மயக்கம், பிரிவு, தர்க்கம். கடைசியில் சிவன் நெற்றிக்கண்ணைத் திறக்க மன்மதன் எரிகிறான். ரதி புலம்பும்போது, முந்தின நாள் வரை அந்த ஆளோடு கொந்தரப்பு வேலையில் போட்டி போட்டவர்களும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

தோட்ட நிர்வாகத்தின் செக்ரோல் புத்தகத்தில் அந்த ஆளுக்கு இருப்பது ஒரு பெயரும் ஒரு எண்ணும், எதிரே அன்றைய வேலையும். கூத்து மாஸ்டருக்கோ அவரைப் பற்றி வேறு விஷயம் தெரியும்: இவருக்கு மேல் ஸ்தாயி எட்டும், அவருக்கு வசனம் நிற்கும், இந்தப் பையன் இன்னும் இரண்டு வருடத்தில் ரதிக்குத் தேறுவான். ஒரே மனிதரைப் பற்றிய இரண்டு பதிவுகளில் எது முழுமையானது என்று கேட்டால், மாஸ்டருடையதைத்தான் சொல்லவேண்டும். செக்ரோலில் உள்ளதும் மாஸ்டருக்குத் தெரியும். மாஸ்டருக்குத் தெரிந்தது செக்ரோலில் ஏறவே ஏறாது.

நகரத்து வாழ்க்கையில் இந்த வசதி குறைவு. கண்டியில் ஒரு பாடசாலை ஆசிரியரோ வங்கி உத்தியோகத்தரோ ஐம்பது வயதில் பாட்டு வகுப்பில் சேர்ந்தால், வீட்டிலேயே முதல் கேள்வி வரும்: இந்த வயதில் இது எதற்கு? கல்யாண மண்டபத்தில் ஒலிவாங்கியைப் பிடித்து ஒரு பழைய காதல் பாட்டைப் பாடினால், குரல் எப்படி என்று யோசிப்பதற்கு முன்னால், "சேருக்கு என்ன வந்தது?" என்று பக்கத்து நாற்காலியில் கிசுகிசுப்பார்கள். நேபர்ஸைப் பார்த்து அமெரிக்கர்கள் கேட்ட கேள்வியின் உள்ளூர் வடிவம் இது. அவர் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. ஆண்டுக்கணக்காகப் போய்ப் பாடினார். கேள்வி தானாக ஓய்ந்தது.

எம்.ஜி.ஆருக்காக எழுந்த சௌந்தரராஜனின் குரலும், சந்திரபாபுவின் குரலும், ருக்மணி தேவியின் குரலும் இசைத்தட்டில் இருக்கின்றன. யாரும் இன்று கேட்கலாம். காமன் கூத்துப் பாடகர்களில் மிகப் பலருடைய குரல் அவர்களோடு போய்விட்டது. வரும் மாசியில் இந்த மலைகளில் எங்கே கம்பம் ஊன்றினாலும், கைபேசி வைத்திருப்பவர்கள் ஆட்டத்தைப் படம் பிடிப்பதோடு நிற்காமல், ரதியாகப் பாடுபவரை விடிந்தபின் அரிதாரம் கலைத்த முகத்தோடு உட்காரவைத்து, முழுப் பாட்டையும் பாடச்சொல்லி, அவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் சேர்த்துப் பதிவுசெய்து வையுங்கள்.